பட்டினி போட்ட நிலம்

என் வேலை என்னவென்று யாராவது கேட்டால் எனக்கு முதலில் வருவது எரிச்சல்தான். சொன்னால் புரியாது, புரிந்தால் நம்ப மாட்டார்கள். ஊர்க்கோடியில், குடிநீர்த் தொட்டிக்குப் பின்னால், எந்தக் காலத்திலோ சரளை அள்ளிவிட்டு அப்படியே போட்டுவிட்டுப் போன நிலம் ஒன்று இருக்கிறது. சுற்றிலும் கம்பி வேலி, ஒரு இரும்புக் கதவு, தகரக் கூரை போட்ட ஒற்றை அறை. உள்ளே இங்கொன்றும் அங்கொன்றுமாக மெலிந்த புல், நடுவில் வெறும் மண். அந்த மண்ணுக்கு எந்தச் சத்தும் சேர்ந்துவிடாமல் பார்த்துக்கொள்வதற்காக நகராட்சி எனக்குச் சம்பளம் தருகிறது.

"சத்து சேராமலா?" என்று கேட்பார்கள். ஆமாம், சேராமல்தான். மண் கொழுத்தால் நாலே நாலு முரட்டுப் புல் வந்து உட்கார்ந்துகொள்ளும். இடுப்புயரம் வளர்ந்து, கீழே இருக்கிற சின்னஞ்சிறுசுகளை எல்லாம் மூச்சு முட்ட வைத்துக் கொன்றுவிடும். மண் வறண்டு கிடந்தால்தான் யாருக்கும் கை ஓங்காது. விரல் நீளப் புல்லும், குண்டூசித் தலை அளவு பூவும், அந்தப் பூவை நம்பி வாழும் பூச்சியும் பிழைத்துக் கிடக்கும். அதனால் வருஷா வருஷம் புல்லை அறுத்து, ஒரு துரும்பு விடாமல் வாரி வெளியே அனுப்புகிறேன். புல்லோடு சேர்ந்து கொஞ்சம் சத்தும் வெளியேறும். இப்படியே வருஷக்கணக்காக அந்த நிலத்தைப் பட்டினி போட்டு வைத்திருக்கிறேன்.

இது ஊருக்குப் பொறுக்குமா? காலையில் நடக்க வருகிற ஓய்வுபெற்ற கணக்கு வாத்தியார், பாட்டிலில் மிச்சமிருக்கும் தண்ணீரை வேலி வழியாக ஊற்றிவிட்டுப் புண்ணியம் சேர்ந்த முகத்தோடு போவார். எதிர் அடுக்குமாடிக்காரம்மா ஒரு நாள் வாளி நிறைய மக்கின காய்கறித் தோலைக் கொண்டுவந்து, "உங்களுக்காகவே எடுத்து வச்சேன்" என்றாள். ஏதோ ஒரு சங்கத்தார் மரக்கன்றும் புகைப்படக்காரரும் சகிதமாக வந்து இறங்கினார்கள். எல்லோரும் நல்லவர்கள். இந்த நல்லவர்களை விரட்டி விரட்டி என் தொண்டை போனதுதான் மிச்சம்.

இதெல்லாம் போதாதென்று என் தலையெழுத்து, என் கூடப் பிறந்த அண்ணன் உரக்கடை வைத்திருக்கிறார். மெலிந்த எதையும் அவர் கண்ணால் பார்க்க முடியாது. கடைக்கு வருகிறவன் உரம் வாங்குகிறானோ இல்லையோ, எதையாவது தின்னாமல் திரும்ப முடியாது. அப்பா போனபோது எனக்கு ஆறு வயது, அண்ணனுக்குப் பதினாறு. என்னை ஊட்டி வளர்த்தவர் அவர்தான். எனக்கு ஐம்பத்தைந்து ஆன பிறகும் நான் அவருக்குப் பாப்பாதான். என் நிலத்தை வேலிக்கு வெளியே நின்று பார்த்துவிட்டு, "பாவம், சொறி புடிச்ச மாதிரி இருக்கே" என்று பெருமூச்சு விடுவார்.

இந்த மனிதரிடம் போய் நான் வாயை விட்டிருக்கக் கூடாது. பூச்சித் துறை அதிகாரி ஒருவர் வருஷத்துக்கு ஒரு தடவை வந்து எங்கள் நிலத்தைப் பார்ப்பார். அவர் பார்ப்பது மண் தேனீயை. அது கூட்டில் கூட்டமாக வாழும் ஜாதி இல்லை. ஒவ்வொரு பெண் தேனீயும் மண்ணில் தனியாக ஒரு வளை தோண்டித் தனிக்குடித்தனம் நடத்தும். அந்தத் தேனீ இருக்கிறது என்பதற்காகத்தான் இத்தனை நாளும் நிலத்தை விட்டு வைத்திருக்கிறார்கள். நாலைந்து வருஷமாக அது குறைந்துகொண்டே வந்தது. ஏனென்று எனக்கு விளங்கவில்லை. இந்த வருஷம் கண்ணில் படவில்லையென்றால் நிலம் வண்டி நிறுத்துமிடம் ஆகிவிடும் என்று போன தடவையே அவர் சொல்லிவிட்டுப் போயிருந்தார். அவர் வரவேண்டிய நாள் நெருங்கியபோது, சாப்பாட்டு மேசையில் அண்ணனிடம் இதைச் சொல்லிப் புலம்பினேன்.

அண்ணன் கையைக் கழுவாமலே யோசித்தார். "பாப்பா, பூ இல்லாம தேனீ எப்படி வரும்? சத்து இல்லாம பூ எப்படி வரும்?"

"அண்ணா, அது அப்படி இல்ல."

"நான் சும்மா கேட்டேன்மா" என்றார். அவர் சும்மா கேட்டதாக நான் நம்பித் தொலைத்தேன்.

அதற்கடுத்த ஞாயிற்றுக்கிழமை, மகள் வீட்டுக்குப் போய் இரண்டு நாள் இருந்துவிட்டு மத்தியானம் நேராக நிலத்துக்கு வந்தேன். கதவு திறந்து கிடந்தது. அவசரத்துக்கு இருக்கட்டுமென்று மாற்றுச் சாவியை அண்ணன் வீட்டில் கொடுத்து வைத்திருந்தேன். உள்ளே அண்ணன் தலையில் துண்டோடு, வேர்வை வழிய, முகமெல்லாம் சிரிப்பாக நின்றார்.

"பாப்பா, கண்ண மூடிட்டு வா!"

நான் கண்ணை மூடவில்லை. நிலத்தின் நடுப்பகுதி முழுக்க, இரண்டு வீட்டு மனை அகலத்துக்கு, சாம்பல் நிறத்தில் மிளகு மிளகாக இறைந்து கிடந்தது.

"என்ன அண்ணா இது?"

"காம்ப்ளக்ஸ். தழை, மணி, சாம்பல் மூணு சத்தும் சமமா இருக்கு. நம்ம கடையில இருக்கறதுலயே இதுதான் ஒசத்தி."

"எவ்வளவு போட்ட?"

"முழு மூட்டை. உனக்குன்னா கஞ்சத்தனம் பண்ணுவேனா?"

அப்படியே தரையில் உட்கார்ந்தேன். நான் சந்தோஷத்தில் உட்கார்ந்துவிட்டதாக அவர் நினைத்துக்கொண்டு பக்கத்தில் வந்து தானும் உட்கார்ந்தார்.

"அந்த மேட்டு ஓரத்துலதான் ஆரம்பிச்சேன். அங்க கொஞ்சம் தாராளமா விழுந்துருச்சு. மத்தபடி ஒரே சீரா வீசியிருக்கேன், பாரு. இந்த வயசுலயும் கை தப்பல."

"அண்ணா, நான் இத்தன வருஷமா என்ன வேலை பாக்கறேன்னு உனக்குத் தெரியுமா தெரியாதா?"

"தெரியும்மா. புல்ல அறுத்து வெளிய அனுப்பற. அதனாலதானே மண்ணு செத்துப் போச்சு. எடுத்துக்கிட்டே இருந்தா எப்படி? குடுக்க வேண்டாமா?"

பல்லைக் கடித்துக்கொண்டு விளக்கினேன். தழைச்சத்துகூட மழையில் பாதி ஓடிவிடும், மணிச்சத்து ஒரு தடவை மண்ணோடு கலந்தால் நம் ஆயுசுக்கும் போகாது, இத்தனை வருஷம் நான் வாரிக் கொட்டினதெல்லாம் ஒரே மூட்டையில் திரும்பி வந்துவிட்டது, முரட்டுப் புல் மேலே ஏறிவிட்டால் தேனீயையும் மறந்துவிட வேண்டியதுதான் என்றெல்லாம் சொன்னேன். அவர் முகத்தில் சிரிப்பு கொஞ்சம் கொஞ்சமாக இறங்கியது. ஆனால் புரிந்து இறங்கவில்லை, நான் கத்துகிறேனே என்று இறங்கியது.

"சரி, கோவப்படாத. இன்னும் கரையல பாரு, அப்படியே குருணையாத்தான் கிடக்கு. சாயங்காலம் மழை வந்தாத்தான் உள்ள இறங்கும்."

ஆறுதல் சொல்கிறாராம். நான் அண்ணாந்து பார்த்தேன். தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் வானம் கறுக்க ஆரம்பித்திருந்தது. மாசக்கணக்கில் எட்டிப் பார்க்காத மழை இன்றைக்குத்தான் வரவேண்டுமா?

அண்ணிக்குப் போன் போட்டேன். அண்ணி அதிகம் கேள்வி கேட்கிற ஆள் இல்லை. வீட்டில் இருந்த விளக்குமாறு, முறம், பெயிண்ட் அடிக்கிற பிரஷ், தார்ப்பாய், தூசி உறிஞ்சும் மெஷின் எல்லாவற்றையும் கடை வேனில் போட்டுக்கொண்டு வந்து இறங்கினாள். நிலத்தைப் பார்த்தாள், அண்ணனைப் பார்த்தாள்.

"கல்யாணமாகி நாப்பது வருஷமா இவர் கையால தின்னு நான் இந்த சைஸ்ல இருக்கேன். உன் நிலத்தையும் விட்டு வைக்கலையா?" என்றாள்.

விளக்குமாற்றால் பெருக்கிவிடலாம் என்றுதான் அவளும் நினைத்தாள். அது முடியாது. வெறும் மண் என்று பார்ப்பவர்கள் சொல்வது வெறும் மண் இல்லை. அதன் மேல் கருஞ்சாம்பல் நிறத்தில், தீய்ந்த தோசைக்கல் மாதிரி ஒரு பொருக்கு படர்ந்திருக்கும். பாசியும் பூஞ்சையுமாக உயிருள்ள பொருக்கு. அது ஒரு விரல் அகலம் வளர வருஷங்கள் ஆகும். ஒரு தடவை மிதித்தால் மிதித்த தடம் பல வருஷத்துக்கு மாறாது. அந்த நிலத்திலேயே எனக்கு ரொம்பப் பிடித்தது அதுதான். நான் வேலைக்கு வந்தபோது திட்டுத்திட்டாக இருந்தது, என் காலத்தில் நடுப்பகுதி முழுக்க இணைந்துவிட்டது. அதன் மேல் நான் யாரையும் கால் வைக்க விட்டதில்லை, நானும் வைத்ததில்லை.

ஆகவே அறையிலிருந்து பலகைகளை எடுத்துப் பரப்பி, அதன் மேல் மண்டியிட்டு, பெயிண்ட் பிரஷால் குருணையை மெதுவாக ஒதுக்கி முறத்தில் தள்ளினோம். அறையில் மின்சாரம் இருந்ததால் அண்ணி வயரை இழுத்து மெஷினை ஓடவிட்டாள். குழாயை ஒரு சாண் உயரத்தில் பிடித்தால் குருணை மட்டும் சடசடவென்று ஏறியது, கொஞ்சம் தாழ்த்தினால் பொருக்கும் பிய்ந்துகொண்டு வந்தது. "தூக்கிப் புடி! தூக்கிப் புடி!" என்று நான் அலறிக்கொண்டே இருந்தேன்.

வேலிக்கு வெளியே கூட்டம் சேர்ந்துவிட்டது. கணக்கு வாத்தியார் முன்வரிசையில் நின்றார். "காட்டையே கூட்டிப் பெருக்கறீங்களேம்மா, அடுத்து மெழுகித் துடைப்பீங்களா?" என்றார்.

"உள்ள வந்து ஒரு கை குடுங்க சார், சொல்றேன்" என்றாள் அண்ணி. அவர் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே நகர்ந்துவிட்டார்.

அண்ணன் அறுபத்தைந்து வயதில், முட்டிவலியோடு பலகையில் குப்புறக் கிடந்து, தான் வீசியதைத் தானே ஒவ்வொன்றாகப் பொறுக்கினார். எனக்குப் பார்க்கப் பாவமாகவும் இருந்தது, முதுகில் ஒன்று வைக்கலாம் போலவும் இருந்தது. நடுவில் ஒரே ஒரு தடவை, முறத்தில் இருந்ததை விரலால் அளைந்துவிட்டு, "நல்ல சரக்கு" என்று முனகினார். மெஷின் தீயும் வாசனை விட்டு நின்றுபோனது. அதற்குப் பிறகு மூன்று பிரஷ்தான்.

கீழ்ப்பக்கம் முடிந்தது, நடுவும் முடிந்தது. மேட்டு ஓரத்துக்கு வந்தபோது முதல் இடி இடித்தது. அங்கேதான் அண்ணன் தாராளமாகப் போட்டிருந்தார். கேழ்வரகைக் காயவைத்த மாதிரி அடர்த்தியாகக் கிடந்தது. ஒரு அறை நீளத்துக்குக்கூடப் பொறுக்கியிருக்க மாட்டோம், புறங்கையில் ஒரு சொட்டு விழுந்தது. நிலம் மேட்டிலிருந்து சரிந்து இறங்குகிறது. அந்த ஓரத்தில் கரைவது முழுக்க, நாங்கள் முதுகொடியச் சுத்தம் செய்த பகுதிக்குத்தான் ஓடி வரும்.

ஒரே வழிதான் இருந்தது. அந்த ஓரம் முழுவதையும் குருணையோடு, பொருக்கோடு, மேல்மண்ணோடு வழித்து எடுத்துவிட வேண்டும். எனக்கு அது உடனே தெரிந்துவிட்டது. தெரிந்தும் கை எழவில்லை. நாற்பது வருஷம் வளர்ந்த பொருக்கு. தேனீ வளையில் மிச்சமிருந்த நாலைந்தும் அந்த ஓரத்தில்தான் இருந்தன.

"என்ன நிக்கற?" என்றாள் அண்ணி.

அறைக்குள் போய் மண்வெட்டியை எடுத்து வந்தேன். முதல் வெட்டு வெட்டும்போதே எனக்கு அழுகை வந்துவிட்டது. அண்ணன் எழுந்து வந்தார்.

"குடு. நான் போட்டது, நானே எடுக்கறேன்."

"நீ ஆழமா வெட்டுவ. ரெண்டு விரல் கனத்துக்கு மேல போகக் கூடாது. தேனீக்குஞ்சு கீழ ஒரு சாண் ஆழத்துல தூங்கிட்டிருக்கு. அதையாவது விட்டு வை."

"ரெண்டு விரல்தானே. காட்டு."

நான் விரலை வைத்துக் காட்டினேன். அவர் மண்வெட்டியைச் சாய்த்துப் பிடித்து, தோல் சீவுகிற மாதிரி சீவிக்கொண்டே போனார். சொல்லக் கூடாதுதான், ஆனால் கை சுத்தம். நானும் அண்ணியும் சீவிய மண்ணைத் தார்ப்பாயில் வாரி, இழுத்துக்கொண்டு போய் வேனில் ஏற்றினோம். கடைசிப் பாயை ஏற்றும்போது மழை பிடித்துக்கொண்டது. மூன்று பேரும் தகரக் கூரைக்கு ஓடினோம்.

உள்ளே ஒரு நாற்காலிதான். அண்ணி அதில் உட்கார்ந்துகொண்டு சேலையைப் பிழிந்தாள். நானும் அண்ணனும் வாசலில் நின்று பார்த்தோம். பொருக்கு தண்ணீரைக் குடித்துக் கறுப்பிலிருந்து பச்சைக்கு மாறியது. மேட்டு ஓரம் மட்டும் மஞ்சள் மண்ணாக உரித்துப் போட்ட மாதிரி கிடந்தது.

"அந்த மண்ண என் வீட்டு மரத்துக்குப் போட்டுக்கட்டுமா?" என்றார் அண்ணன்.

"எங்க வேணா போடு."

"நீ சாப்டியா?"

"அண்ணா, என்கிட்ட இப்ப எதுவும் கேக்காத."

அவர் துண்டால் தலையைத் துவட்டினார். பிறகு கேட்டார். "இதுக்குத் தண்ணி ஊத்தக் கூடாது, எரு போடக் கூடாது, செடி வைக்கக் கூடாது. ஒண்ணுமே குடுக்கக் கூடாது. அப்ப உனக்கு இதுமேல என்னதான் பாசம்?"

"கை வைக்காம இருக்கேன் இல்ல, அதுதான் பாசம்" என்றேன். சுருக்கென்று சொல்லிவிட்டேனே தவிர, அண்ணன் முகம் சுண்டிப்போனதைப் பார்க்கச் சகிக்கவில்லை. என்னை ஊட்டி வளர்த்த கையைப் பார்த்துச் சொல்கிற சொல்லா அது?

அதிகாரி வந்த அன்று நல்ல வெயில். மழை பெய்து ஒரு வாரத்துக்கு மேல் ஆகியிருந்தது. நான் மேட்டுப் பக்கம் அதுவரை எட்டியே பார்க்கவில்லை. பார்த்தால் வயிறு எரியும். அண்ணனை வர வேண்டாமென்று சொல்லியிருந்தேன். அதனால் அவர் எனக்கு முன்னாலேயே வந்து கதவில் நின்றார்.

அதிகாரி மெலிந்த, பேச்சில்லாத மனிதர். அண்ணன் அவரைப் பார்த்த பார்வையிலேயே ஏதாவது தின்னக் கொடுத்துவிடுவாரோ என்று எனக்குப் பயமாக இருந்தது. அதிகாரி முதலில் என் பொருக்குப் பக்கம் போனார். பலகை போட்டுக் குப்புறப் படுத்து, கண்ணாடியைத் தூக்கிவிட்டுக்கொண்டு, சாண் சாணாகத் தேடினார். ஒன்றுமில்லை. எழுந்து சட்டையைத் தட்டிக்கொண்டபோது முகத்தில் ஒரு வருத்தம் தெரிந்தது. அந்த வருத்தம் என்னவென்று எனக்குத் தெரியும்.

"அது என்ன, அங்க மஞ்சளா?" என்றார்.

"அது ஒரு விபத்து சார்" என்றேன்.

அவர் மேட்டு ஓரத்துக்கு நடந்தார். பாதி வழியிலேயே நின்றார். பிறகு மெதுவாக உட்கார்ந்தார். நானும் கிட்டே போய்ப் பார்த்தேன். சீவின மண் முழுக்கச் சின்னச் சின்னத் துளை. ஒவ்வொரு துளையைச் சுற்றியும் புதிதாகத் தோண்டிப் போட்ட மணல் வட்டம். கால் வைக்க இடமில்லாமல் வளை. சாம்பல் நிறத் தேனீக்கள் தரைக்கு ஒட்டியபடி குறுக்கும் நெடுக்கும் பறந்துகொண்டிருந்தன.

"எங்க போச்சோன்னு நெனச்சிட்டிருந்தேன்" என்று அவர் தனக்குத்தானே சொல்வது போலச் சொன்னார். "அந்தப் பொருக்கு ரொம்ப அழகும்மா. ஆனா தேனீயால அத ஓட்டை போட முடியாது. நீங்க அத மூட விட்டுட்டீங்க. தேனீக்குத் தோண்ட இடமே இல்லாம போச்சு. யாரு இத இவ்வளவு பக்குவமா சீவினது?"

"நான்தான் சார்!" என்று அண்ணன் முன்னால் வந்தார். "எல்லாம் நான் உரம் போட்டதால வந்தது."

அதிகாரி என்னைப் பார்த்தார். நான் தலையில் அடித்துக்கொண்டேன். மறுத்துச் சொல்லலாம் என்றால் எங்கே ஆரம்பிப்பது? அவர் போட்டார், நான் வெட்டச் சொன்னேன், தேனீ வந்தது. வரிசைப்படி பார்த்தால் மனிதர் பொய் சொல்லவில்லை. கடைக்கு வருகிற ஒவ்வொருவரிடமும் இதைச் சொல்லித் தீர்ப்பார் என்பதை நினைத்தபோதே எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது.

ஆனால் அதைவிடப் பெரிய எரிச்சல் எனக்கு என் மேலேயே இருந்தது. நாலைந்து வருஷமாகத் தேனீ குறைந்ததற்குக் காரணம் வாத்தியாரின் தண்ணீரும் இல்லை, அடுக்குமாடிக்காரம்மாவின் தோலும் இல்லை. யாரையும் கால் வைக்க விடாமல் நான் பொத்திப் பொத்தி வளர்த்த பொருக்குதான். அண்ணன் போட்டுக் கெடுக்கிற ஆள் என்றால் நான் தொடாமலே கெடுத்துக்கொண்டிருந்திருக்கிறேன்.

நிலம் இருக்கட்டும் என்று அதிகாரி எழுதிக் கொடுத்தார். ஒரே நிபந்தனை. வருஷா வருஷம், அறுப்பு முடிந்ததும், பொருக்கில் ஒரு துண்டைச் சீவித் திறந்துவிட வேண்டும். ஒவ்வொரு வருஷமும் வேறு வேறு துண்டு. எந்தத் துண்டு என்று நிலத்தைப் பார்த்துக்கொள்கிறவர்தான் தேர்ந்தெடுக்க வேண்டுமாம்.

அவர் போன பிறகு நான் பொருக்கின் விளிம்பிலேயே நின்றுகொண்டிருந்தேன். இந்தப் பக்கம் பார்த்தால் இதை எப்படி வெட்டுவது என்றிருந்தது, அந்தப் பக்கம் பார்த்தால் அதை எப்படி என்றிருந்தது. அண்ணன் பக்கத்தில் வந்து நின்றார்.

"பாப்பா, எந்தத் துண்டுன்னு நீ விரல மட்டும் காட்டு. நான் வெட்டறேன். அந்த நேரம் நீ ரூமுக்குள்ள போய் இரு."

இத்தனை வருஷத்தில் இந்த நிலத்தைப் பற்றி ஒருவர் சொன்ன உருப்படியான வார்த்தை அதுதான்.

"சரி" என்றேன். "ஆனா கதவுகிட்ட வந்ததும் பாக்கெட்ட வெளிய இழுத்துக் காட்டிட்டுத்தான் உள்ள வரணும்."

"என்ன பாப்பா, என்மேல நம்பிக்கை இல்லையா?"

"இல்ல."

அவர் கொஞ்சம் யோசித்துவிட்டு, வேட்டி மடிப்பிலிருந்து ஒரு கைப்பிடி கொள்ளு எடுத்து என் கையில் கொட்டினார். "விதைக்கலாம்னுதான் கொண்டு வந்தேன்" என்றார். "பரவால்ல, நீயே சாப்பிடு."